ஒரு வண்டி அகலமுள்ள மலைச்சாலையில் எதிரே பேருந்து வந்தால்

கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருப்பது இது. கார் வாங்கிய நாளிலிருந்து புதுச்சேரிக்கும் சென்னைக்கும் தாமே ஓட்டிச் செல்கிறார். வயதான தந்தை, மனைவி, இரண்டு குழந்தைகளுடன் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கும், அந்தப் பயணம் நன்றாக அமைந்தால் பிறகு கொல்லிமலைக்கும் செல்ல விரும்புகிறார். மலையில் ஓட்டிய பழக்கம் இல்லை. உட்கிராமங்களுக்கும் அருவிகளுக்கும் செல்லும் சாலைகள் ஒரு வண்டி அகலமே உள்ளவை என்று கேள்விப்பட்டதிலிருந்து, எதிரே பேருந்து வந்தால் என்ன செய்வது என்ற அச்சம் அவருக்கு. எந்த கியரில் ஏறுவது, எவ்வளவு வேகத்தில் போவது, மனைவிக்கும் ஓட்டத் தெரியும் என்பதால் பாதி வழியை அவரிடம் விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கியரையும் வேகத்தையும் பிறகு பார்க்கலாம். பயிற்சிக்கு வருபவர் மலைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஐம்பது மீட்டர் தூரம், தலையைத் திருப்பித் திருப்பித் தவிக்காமல், இரண்டு பக்கக் கண்ணாடிகளைப் பார்த்தே வண்டியை நேராகப் பின்னுக்கு எடுக்க முடியுமா? முடியும் என்றால் மீதி எல்லாவற்றையும் வழியிலேயே கற்றுக்கொள்ளலாம். முடியாது என்றால், வளைவுகளில் எவ்வளவு அழகாக கியர் மாற்றினாலும் ஒற்றைச் சாலையில் ஒருநாள் வண்டியை நடுவில் நிறுத்திவிட்டு, எதிரே நிற்கும் பேருந்தின் ஓட்டுநர் இறங்கி வந்து நம் காரைப் பின்னுக்கு எடுத்துக் கொடுக்கும்படி ஆகிவிடும். அப்படி இறங்கி வந்து உதவுகிற ஓட்டுநர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அவர்களை நம்பிப் பயணம் புறப்பட முடியாது.

இந்தத் திறமை நம் பகுதியில் ஓட்டுபவர்களுக்கு வாய்க்காமல் போவதற்குக் காரணம் நிலம்தான். கடலூரிலும் புதுச்சேரியிலும் தரை சமதளம். நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தாலும், இடப்பக்கச் சக்கரங்களைத் தார்விளிம்பிலிருந்து மண்ணில் இறக்கி, வேகத்தைக்கூடப் பெரிதாகக் குறைக்காமல் கடந்துவிடுகிறோம். சாலையோர மண் நம்மை மன்னித்துக்கொண்டே இருக்கிறது. மலையில் அந்த மண்ணுக்குப் பதிலாக ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மழைநீர் ஓடும் வடிகாலும் இருக்கும். ஒதுங்கிக் கடந்துவிடலாம் என்று கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பும் அந்தப் பழக்கம்தான் அங்கே முதல் எதிரி.

அளவுகளை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். நம் நாட்டுச் சாலை அமைப்பு நெறிகளின்படி ஒற்றைத் தடச் சாலையின் தார்ப்பகுதி 3.75 மீட்டர் அகலம். சில கிராமச் சாலைகள் 3 மீட்டர்தான். பேருந்துக்கும் லாரிக்கும் சட்டம் அனுமதிக்கும் உச்ச அகலம் 2.6 மீட்டர். சாதாரணக் கார் ஒன்று, கண்ணாடிகளைச் சேர்க்காமலே, சுமார் 1.7 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 4.3 மீட்டர் வருகிறது. ஆகவே தார்ப்பரப்பில் காரும் பேருந்தும் ஒன்றையொன்று கடப்பது எந்தத் திறமையாலும் நடக்காது. இரண்டு கார்கள்கூட, இடையிலும் ஓரங்களிலும் எல்லாம் சேர்த்து ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில்தான் கடக்க வேண்டியிருக்கும். யாராவது ஒருவர் அகலமான இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடம் பின்னால் இருந்தால் பின்னுக்குப் போக வேண்டும். வேறு வழி இல்லை.

பயிற்சிக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் கூட்டமில்லாத விடியற்காலையில் இரண்டு செங்கற்களை வண்டியின் அகலத்தைவிட ஒரு முழம் கூடுதலான இடைவெளியில் வைத்து, அவற்றுக்கிடையே முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். பின்னால் எடுக்கும்போது கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஊர்ந்து செல்ல வேண்டும். ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அதிகமாகத் திருப்பிவிட்டோம் என்று தோன்றினால் அப்படியே நின்று, முன்னால் வந்து, மறுபடி தொடங்க வேண்டும். பின்புறக் கேமரா இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். அது காட்டுவது வண்டிக்குப் பின்னால் உள்ள சில மீட்டர்களையே, சாலையின் போக்கை அல்ல. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதற்குக் கடலூரில் இருக்கிற ஒரே நல்ல இடம் கேப்பர் மலை. மலை என்று பெயர்தானே ஒழிய அது செம்மண் மேடுதான். ஆனாலும் அதன் ஏற்றத்தில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, கிளட்ச் பிடிக்கும் நிலையை உணர்ந்து, ஒரு சாண்கூடப் பின்னுக்கு உருளாமல் எடுக்கப் பழகலாம். வண்டியில் ஏற்றத்தில் உருளாமல் பிடிக்கும் வசதி இருந்தால் அது இரண்டொரு வினாடிகளுக்கே தாங்கும். அதற்குமேல் உங்கள் கால்தான்.

இனி எந்தச் சாலை என்பது. வளைவுகளின் எண்ணிக்கையை வைத்துப் பயப்படுவது பொதுவாக எல்லோரும் செய்வது. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, திம்பத்துக்கு 27, ஏலகிரிக்கு 14. இவை கேட்பதற்குத்தான் கடினம். எண் எழுதிய பலகையும் ஓரத்தில் தடுப்புச் சுவரும் உள்ள, பேருந்துகள் நாள் முழுவதும் ஓடும் சாலையில் எழுபது வளைவு என்றால் எழுபது முறை நிதானமாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கவலை தருவது மேலே ஏறிய பிறகு அருவிக்கும் கோயிலுக்கும் பிரிந்து போகும், வளைவுக்கு எண் கூட இல்லாத கிளைச்சாலைகள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுவது புதியவருக்கு நல்ல தொடக்கம் என்று நான் சொல்வேன், ஏனென்றால் மலை 2,000 முதல் 3,000 அடி உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அங்கிருந்து உள்ளே செல்லும்போது ஒரு சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் அரசுப் பேருந்தோ மினி பஸ்ஸோ போகிறதா என்று அங்குள்ள கடையில் கேளுங்கள். போகிறது என்றால் சாலை உங்கள் காரைத் தாங்கும், வண்டிகள் ஒதுங்க இடங்களும் இருக்கும். ஜீப் மட்டும்தான் போகிறது என்று சொன்னால், காரைக் கடையருகே விட்டுவிட்டு அந்த ஜீப்பிலேயே செல்வது புத்திசாலித்தனம்.

கைப்பேசி வரைபடம் இந்த வேறுபாட்டை அறியாது. தூரம் குறைவு என்பதற்காக அது தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதையைக் காட்டிவிடும். பாதி வழியில் சிக்னலும் போய்விடும். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் குறுக்கு வழி எதையும் அது சொன்னாலும் ஏற்காதீர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பின்னாளில் செல்வதாக இருந்தால், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும், திம்பம் சாலையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதையும் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை டயர், ஸ்டெப்னி, முகப்பு விளக்கு, வைப்பர் ஆகியவற்றை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். கடலோரத்தில் வாழும் நாம் கூடுதலாகப் பார்க்க வேண்டியது பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. நம் ஊரின் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அதே எண்ணெய்க்கான வரம்பு 155 டிகிரி. டாட் 3 வகைக்கு இவை 205, 140. சமதளத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்துவிட்டால் குழாயில் ஆவிக்குமிழிகள் உண்டாகி, மிதியை எவ்வளவு மிதித்தாலும் அது மெத்தென்று தரைவரை இறங்கிவிடும், வண்டி நிற்காது. எண்ணெய் மாற்றி இரண்டு ஆண்டு கடந்திருந்தால் புறப்படும் முன் மாற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் நின்ற வண்டிகளில் பின்சக்கரப் பிரேக்கும் ஹேண்ட் பிரேக் கம்பியும் துருவேறி இறுகியிருப்பதும் உண்டு. மெக்கானிக்கிடம் அதைத் தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்.

இப்போது நீங்கள் கேட்ட வேகம். ஒற்றைச் சாலையில் வேகத்தை முடிவு செய்வது கண்ணுக்குத் தெரியும் தூரம். இருவழிச் சாலையில் தெரியும் தூரத்துக்குள் நின்றால் போதும். ஒற்றைச் சாலையில் அதில் பாதிக்குள் நிற்க முடிய வேண்டும், ஏனென்றால் எதிரே வருபவருக்கும் நிற்பதற்குப் பாதி வேண்டும். உலர்ந்த சாலையில், நம் மனம் உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 18 மீட்டரும், 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 மீட்டரும் ஆகும். வளைவுக்கு முன் 40 மீட்டர் தெரிகிறது என்றால் உங்கள் பங்கு 20 மீட்டர். ஆக 30-க்கு மேல் போகக்கூடாது. ஈரமும் இறக்கமும் சேர்ந்தால் 20. பின்னால் உள்ளூர் வண்டிகள் வந்து ஹாரன் அடிக்கும். அவர்களுக்குச் சாலை மனப்பாடம். அடுத்த அகலமான இடத்தில் இடப்பக்கம் நின்று அவர்களைப் போகவிட்டால் இருவருக்கும் நிம்மதி. முன்னால் போகும் லாரி வலப்பக்க இண்டிகேட்டர் போட்டால், அது முந்திக்கொள் என்ற சைகையா, தானே வலப்பக்கம் திரும்பப் போகிறதா என்று மலையில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த சைகையை நம்பி முந்தவே முந்தாதீர்கள்.

மறைவான வளைவுக்கு முன் ஒருமுறை நீளமாக ஹாரன் அடித்து, பிறகு கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். ஹாரன் அடிப்பவர்கள் பலர், பதில் வருகிறதா என்று கேட்பவர்கள் சிலரே. பாட்டை நிறுத்திவிட்டு, ஏசியைக் குறைத்து, ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தாலே பேருந்தின் முனகல் இரண்டு வளைவுகளுக்கு முன்பே கேட்டுவிடும். அதே நேரம் ஓசையே எழுப்பாமல் வரும் வண்டிகளும் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்: பெட்ரோலை மிச்சப்படுத்த இருசக்கர வண்டியின் என்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருண்டு வரும் பழக்கம் இன்னும் போகவில்லை. வளைவுகளில் குவி ஆடி வைத்திருந்தால் அதில் தெரியும் வண்டி உண்மையில் தோன்றுவதைவிட அருகில் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

எதிர்வண்டியைச் சந்திப்பதற்கான ஆயத்தம் சந்திப்பதற்கு வெகுமுன்பே தொடங்குகிறது. ஒற்றைச் சாலையில் போகும்போது, கடந்து வந்த ஒவ்வொரு அகலமான இடத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டே வர வேண்டும். மண்திட்டு, வீட்டுமுன் வாசல், கல்வெர்ட்டுக்கு (சிறு பாலத்துக்கு) முன்னுள்ள விரிவு, வளைவின் வெளிப்பக்கம் என எதுவாகவும் அது இருக்கலாம். பக்கத்தில் அமர்ந்திருப்பவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எதிரே வண்டி தெரிந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி யாருக்கு உரிமை என்பதல்ல, யாருக்கு இடம் அருகில் இருக்கிறது என்பது. அகலமான இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போகாமல் அதற்கு நேரெதிரே உங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டால், எதிரே வருபவர் அந்த விரிவை வளைத்துக்கொண்டு போய்விடுவார். தொலைவிலேயே வண்டியைப் பார்த்துவிட்டால் முன்னேறாமல் அங்கேயே காத்திருங்கள். ஒதுங்க இருந்த இடத்தைக் கடந்து போய், மூக்கும் மூக்கும் முட்டி நின்ற பிறகு பின்னுக்கு எடுப்பதைவிட, அரை நிமிடம் காத்திருப்பது எளிது. முன்னால் நிற்பது ஒரு வண்டியா, அதன் பின்னால் வரிசையாக வருகிறதா என்று பார்க்காமல் புறப்பட்டுவிடுவதும் பலர் செய்வது.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும், அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். காரணம் எளியது: பாரத்தோடு ஏறும் வண்டி ஒருமுறை நின்றால் மறுபடி எடுப்பது கடினம், கிளட்ச் கருகும், பின்னால் உருளவும் கூடும். ஆனால் இந்த உரிமையைப் பற்றிக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் ஏறிக்கொண்டிருக்க, மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிய லாரி இறங்கி வருகிறது என்றால், அது ஏற்றத்தில் பின்னுக்குப் போவதைவிட உங்கள் கார் இருபது மீட்டர் பின்னுக்கு இறங்குவதுதான் அனைவருக்கும் நல்லது. பேருந்து என்றால் கேள்வியே வேண்டாம். எப்போதும் நீங்களே ஒதுங்குங்கள். கல்வராயன் மலையில் மரவள்ளி அறுவடைக் காலத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றிப் போகும் வண்டிகள் அடிக்கடி வரும் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

பின்னுக்கு எடுக்க வேண்டி வந்தால் அவசரப்படாதீர்கள். ஆபத்து விளக்குகளைப் போடுங்கள், கண்ணாடிகள் இரண்டையும் சற்றுக் கீழே சாய்த்து பின்சக்கரமும் சாலை விளிம்பும் தெரியும்படி வையுங்கள், பெரியவர்களில் ஒருவரை இறங்கச் சொல்லுங்கள். இறங்கியவர் வண்டிக்கு நேர்பின்னால் நிற்கக்கூடாது. ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில், பள்ளத்தின் பக்கம் அல்லாமல் மலைச்சுவரின் பக்கம் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டியை உடனே நிறுத்திவிடுங்கள். ஒருவர் மட்டும் கைகாட்டட்டும். தந்தையும் மனைவியும் எதிர்வண்டியின் கிளீனரும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் சொன்னால் சக்கரம் வடிகாலில்தான் போய் நிற்கும்.

விளிம்பைப் பற்றி ஒன்று. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். பள்ளம் வலப்பக்கம் இருக்கும்போது விளிம்பு அவர் கண்ணெதிரே இருக்கிறது. ஆகவே அவர் பயந்து மலைச்சுவரின் பக்கம் அளவுக்கு மீறி ஒதுங்கி, இடப்பக்க வடிகாலில் சக்கரத்தை விடுகிறார். பள்ளம் இடப்பக்கம் இருக்கும்போது விளிம்பு தெரியாது. ஆகவே பயமின்றி ஒதுங்கிவிடுகிறார், அங்கேதான் உண்மையான ஆபத்து. பள்ளம் இடப்பக்கம் உள்ள நிலையில் இன்னொரு வண்டிக்கு ஒதுங்க நேர்ந்தால், இடப்பக்கம் அமர்ந்திருப்பவர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, சக்கரத்துக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடம் என்று சொல்ல வேண்டும். தாரை விட்டு இறங்க வேண்டாம். புல் மூடிய ஓரம் தரை போலத் தோன்றினாலும் அடியில் மழைநீர் மண்ணை அரித்துக் கொண்டுபோயிருக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனைந்த ஓரங்கள் ஒரு டன் எடையைத் தாங்காமல் சரிவதுண்டு. இடம் போதாது என்று தோன்றினால் அங்கேயே நின்றுவிட்டு, மலைச்சுவரின் பக்கம் இருக்கும் வண்டியை நகரச் சொல்வதே முறை.

கொண்டை ஊசி வளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அவை தோன்றும் அளவுக்குக் கடினமல்ல. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது, செங்குத்தாக இருந்தால் முதலாவது. ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் தொல்லையானது: உட்பக்கம் உங்களுடையது, அங்கே சாலை மிகவும் செங்குத்து, திரும்பவும் குறுகல். வலப்பக்க வளைவில் நீங்கள் வெளிவட்டத்தில் தாராளமாகச் சுற்றலாம். வலப்பக்கத்தை அறுத்துக்கொண்டு குறுக்கே போகும் ஆசை மட்டும் வேண்டாம். பேருந்து திரும்புவதற்கு வளைவின் முழு அகலமும் தேவை. அதன் முகம் வளைவில் தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல், பத்துப் பதினைந்து மீட்டர் கீழேயே நின்றுவிடுங்கள். அதன் பின்பகுதி திரும்பும்போது வெளிப்பக்கமாக வீசும் என்பதால், முன்பகுதி கடந்துவிட்டதே என்று உடனே நகராதீர்கள்.

ஏறுவதைவிட இறங்குவதே கவனம் வேண்டுவது. பயணிகளோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது, அந்த உயரத்தால் அது பெற்றிருந்த ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாகிக் கழிய வேண்டும். கணக்குப் போட்டால் அது 30 டிகிரியிலுள்ள ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். இதை முழுவதும் சக்கரங்களிலுள்ள சிறிய பிரேக் தகடுகள்மேல் சுமத்தினால் அவை தாங்கா. காய்ந்த வாசனை வரும், மிதி கல் போல் கடினமாக இருந்தும் வண்டி பிடிக்காமல் நழுவும், அல்லது முன்னே சொன்னபடி எண்ணெய் கொதித்து மிதி தரைவரை போகும். என்ஜின் இந்த வேலையில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்ளும், நாம் விட்டால். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய லாரி ஓட்டுநர்களின் கணக்கு இன்றும் பெரும்பாலும் சரிதான். இன்றைய கார்களில் அதற்கும் ஒரு கியர் குறைவாக வேண்டியிருந்தால் தயங்க வேண்டாம். ஆக்சிலேட்டரில் காலே வைக்காமல் இரண்டாவது கியரில் விட்டால் என்ஜின் உறுமும். அந்த உறுமலைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், என்ஜின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போகாதவரை அதற்குத் தீங்கில்லை. வேகம் கூடும்போது பிரேக்கை நன்றாக மிதித்துக் குறைத்துவிட்டு முழுவதும் விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே மைல்கணக்கில் இறங்குவதுதான் பிரேக்கைக் காயவைப்பது.

நியூட்ரலில் போட்டு இறங்குவதும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் கூடவே கூடாது. என்ஜின் அணைந்தால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட அழுத்தம் சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை முழுவதும் திருப்பியிருந்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளவும் கூடும். தானியங்கி கியர் வண்டி என்றால் டி-யிலேயே இறங்காமல், எல், 2, அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். ஹைபிரிட் வண்டிகள் சிலவற்றில் இதற்கென்றே பி (நிறுத்துவதற்கான P அல்ல, B) என்ற நிலை இருக்கிறது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: மலையுச்சி விடுதியில் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால், இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தைப் பேட்டரி வாங்கிக்கொள்ள இடமிருக்காது, மோட்டார் பிடிமானம் குறைந்து முழுப் பாரமும் பிரேக்குக்கு வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரேக் தளர்ந்துவிட்டால், மிதியைத் திரும்பத் திரும்ப வேகமாக மிதித்துப் பாருங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை அதன் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுங்கள். பொத்தான் வகை மின்னணு ஹேண்ட் பிரேக்காக இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் அதை விடாமல் பிடித்திருந்தால் வண்டி குறைந்து நிற்கும். எதுவும் உதவவில்லை என்றால், எந்தப் பக்கம் மலைச்சுவர் இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டியின் உடலை உரசவிட்டு நிறுத்துவதுதான் மிச்சமுள்ள வழி. பெயிண்ட் போவதைப் பற்றி அந்த நேரத்தில் நினைக்க வேண்டாம். வாசனை மட்டும் வந்த நிலையில் என்றால், அகலமான இடத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக் தகட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது கோணிவிடும்.

மழையும் பனிமூட்டமும் வந்தால் லோ பீமிலேயே ஓட்டுங்கள். ஹை பீம் மூடுபனியில் வெள்ளைத் திரையாகி நம் கண்ணையே கூசவைக்கும். ஆபத்து விளக்குகள் நிற்கும்போதும் பின்னுக்கு எடுக்கும்போதும் மட்டும். முன்னோக்கி ஓடும்போது போட்டால் பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று தெரியாது. புதிதாக விழுந்த சிறு கற்கள், வழக்கத்துக்கு மாறாகச் சேற்று நிறத்தில் ஓடும் வடிகால் நீர் இரண்டையும் கண்டால் அந்தச் சரிவின் கீழே நிற்காமல் கடந்துவிடுங்கள், அல்லது அங்கு போகாமல் திரும்பிவிடுங்கள். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடினால், அடியில் சாலை இருக்கிறதா என்று தெரியாத நிலையில், வற்றும்வரை காத்திருப்பதுதான் வழி. வால்பாறை, திம்பம் போன்ற இடங்களில் யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை மின்னவைக்காதீர்கள். அங்கேயும் உதவுவது அதே பின்னுக்கு எடுக்கும் திறமைதான்.

மனைவியிடம் பாதி வழியை விடலாமா என்றால், தாராளமாக விடலாம், விடவும் வேண்டும். ஏனெனில் மலையில் ஓட்டுவது சமதளத்தைவிட விரைவில் களைப்பைத் தரும். ஆனால் மாற்றிக்கொள்வதை வெள்ளிமலையில் நிறுத்தியபோது செய்யுங்கள், நடுவழியில் அல்ல. செங்கல் பயிற்சியையும் இருவரும் செய்திருக்க வேண்டும். ஓட்டாதவர் பக்கத்தில் அமர்ந்து அகலமான இடங்களைச் சொல்லட்டும், கைப்பேசியை அவரே பார்க்கட்டும். பின்னிருக்கையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தைகளுக்கு வாந்தி வரக்கூடும். வெளியே பார்க்கச் சொல்லி, வயிறு நிறையக் கொடுக்காமல் கூட்டிச் செல்லுங்கள்.

கடலூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டால் பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சியில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறும் முன் மலையடிக்குப் போய்விடலாம். மாலை நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே கோமுகி அணையை அடைந்துவிடலாம். புறப்படும் வாரத்துக்குள் செங்கற்களுக்கிடையே பின்னுக்கு எடுப்பது இருவரில் ஒருவருக்கும் கைவரவில்லை என்றால் காரைக் கள்ளக்குறிச்சியில் விட்டுவிட்டு வெள்ளிமலைப் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பேருந்து எங்கே ஹாரன் அடிக்கிறது, எங்கே நிற்கிறது, ஒரு காரைக் கண்டதும் அதன் ஓட்டுநர் எந்த இடத்தில் காத்திருக்கிறார் என்பதை ஒருமுறை அங்கிருந்து பார்த்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் ஓட்டிச் செல்லும்போது அந்தச் சாலையில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாகிவிடும்.